வரியை மிச்சப்படுத்தலாம், ஓய்வுக்கு அது போதுமா?

தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரை, வாசகர்களின் நலன் கருதி எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.



வருமான வரியைக் குறைத்துக்கொண்டே, முன்கூட்டியே ஓய்வு பெறுவதற்கும் பணம் சேர்ப்பது எப்படி? இதுதான் இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. ஆனால் இந்த இனிப்புக்குள் ஒரு கசப்பும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் முறை.

என் தந்தையார் மூவார் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 55 வயதில் அவருடைய ஊழியர் சேமநிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தது. அத்தனை பணத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அக்காவின் திருமணம் நடந்தது. வீட்டுக்குப் புதுக் கூரை போட்டோம். உறவினர் இருவர் கைமாற்று வாங்கினார்கள். மூன்றாம் ஆண்டு தீபாவளி வந்தபோது சேமநிதிப் புத்தகத்தில் ஒன்றுமில்லை. 58 வயதில் அவர் ஒரு தொழிற்சாலை வாசலில் இரவுக் காவலுக்குப் போனார். நான் கணக்கு எழுதும் தொழிலுக்கு வந்ததற்கு அந்தக் காவல் சட்டையும் ஒரு காரணம்.

இன்றைய மூவாரில் நம்மவர்கள் பலர் மரத் தளவாடத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். நாட்டின் தளவாட ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த ஊருடையது. வேலை இருக்கிறது, சம்பளமும் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் மரத்தூளிலும் இயந்திர இரைச்சலிலும் 30 ஆண்டுகள் நின்ற உடம்பு என்ன சொல்லும்? தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. முதலாளி அதற்கு முன் வயதைக் காரணம் காட்டி அனுப்ப முடியாது. சரி, முழங்கால் 60 வரை ஒத்துக்கொள்ளுமா? ஆகவே முன்கூட்டிய ஓய்வு என்பதைப் பணக்காரர்களின் ஆசை என்று தள்ளிவிடாதீர்கள். நம்மில் பலருக்கு அது கட்டாயமாகவே வந்து சேரலாம்.

வரி ஒரு படிக்கட்டு

முதலில் வரியைப் புரிந்துகொள்வோம். சம்பளம் ஒரு படி ஏறினால் மொத்தச் சம்பளத்துக்கும் வரி கூடிவிடும் என்று பயந்து, ஓவர்டைம் வேண்டாம் என்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு. வரி ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் நிற்கும் பணத்துக்கு மட்டுமே அந்தப் படியின் விகிதம்.

கழிவுகள் போக மிஞ்சுவதே வரி விதிக்கப்படும் வருமானம். 2023 மதிப்பீட்டு ஆண்டு முதல் அதில் முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்து 20,000 வரை 1 விழுக்காடு, 35,000 வரை 3, 50,000 வரை 6, 70,000 வரை 11, ஒரு லட்சம் வரை 19. ஒரு லட்சத்தைத் தாண்டினால் 25 விழுக்காட்டில் தொடங்கி மேலே போகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான பாடம் கிடைக்கிறது. 3,000 வெள்ளிக்கு வரிக் கழிவு என்றால், அந்த 3,000 வெள்ளி உங்கள் கைக்குத் திரும்பி வருவதில்லை. நீங்கள் நிற்கும் படியின் விகிதம் மட்டுமே திரும்பி வருகிறது. 3 விழுக்காட்டுப் படியில் நிற்பவருக்கு 90 வெள்ளி மிச்சம். 11 விழுக்காட்டுப் படியில் 330 வெள்ளி. 25 விழுக்காட்டுப் படியில் 750 வெள்ளி. திட்டம் ஒன்றுதான்; பலன் ஆளுக்கு ஆள் வேறு. "இது வரியைக் குறைக்கும்" என்று யாராவது உங்களிடம் ஒன்றை விற்க வந்தால், "என் படியில் எவ்வளவு குறைக்கும்?" என்று கேளுங்கள்.

நான்கு வகைக் கழிவுகள்

வரிக் கழிவுகளின் பட்டியல் நீளமானது. அதை நான்காகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதல் வகை, தானாக வருவது. தனிநபர் கழிவு 9,000 வெள்ளி. வருமானம் இல்லாத மனைவி அல்லது கணவருக்கு 4,000. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 2,000. உயர்கல்வி நிலையத்தில் டிப்ளோமா அல்லது அதற்கு மேல் படிக்கும் பிள்ளைக்கு 8,000. சேமநிதிச் சந்தாவுக்கு 4,000 வரை. சொக்சோ சந்தாவுக்கு 350 வரை.

இரண்டாம் வகை, எப்படியும் செலவழிக்கும் பணத்துக்குக் கிடைப்பது. புத்தகம், இணையக் கட்டணம், கணினி முதலியவற்றுக்கு 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு. நீங்கள் வாங்கும் நாளிதழும் இதில் சேரும். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கும் கழிவு இருக்கிறது. இங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ரசீதை வைத்திருப்பது. ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிஸ்கட் டின் ஒன்று போதும்.

மூன்றாம் வகை, சேமிப்பதற்குக் கிடைப்பது. பணம் உங்களுடையதாகவே இருக்கும், வரியும் குறையும். கூடுதலாகத் தாமாக முன்வந்து செலுத்தும் சேமநிதிச் சந்தாவும் ஆயுள் காப்புறுதிக் கட்டணமும் சேர்த்து 3,000 வெள்ளி வரை. பிஆர்எஸ் எனப்படும் தனியார் ஓய்வூதியத் திட்டத்துக்கு 3,000 வரை. இந்தச் சலுகை 2030 மதிப்பீட்டு ஆண்டு வரை உண்டு. பிள்ளைகளின் கல்விக்காக பிடிபிடிஎன் நடத்தும் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக்கு 8,000 வரை. இது 2027 வரை.

நான்காம் வகை, வரிக்காகவே வாங்குவது. இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். 6 விழுக்காட்டுப் படியில் நிற்கும் ஒருவர், டிசம்பர் மாதக் கடைசியில் 3,000 வெள்ளிக்கு ஒரு காப்புறுதி எடுத்தார். வரியில் அவருக்கு மிச்சமானது 180 வெள்ளி. மூன்றாம் ஆண்டு கட்ட முடியாமல் நிறுத்தியபோது, கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. காப்புறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பாதிப்பவர் திடீரென்று இல்லாமல் போனால் குடும்பம் நிற்க அது வேண்டும். அதற்காக வாங்குங்கள். 180 வெள்ளிக்காக வாங்காதீர்கள்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் மூவாரில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. கணவருக்கு 38 வயது, தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், மாதச் சம்பளம் 6,000 வெள்ளி. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர்.

ஆண்டு வருமானம் 72,000. தானாக வரும் கழிவுகள்: தமக்கு 9,000, மனைவிக்கு 4,000, பிள்ளைகளுக்கு 4,000, சேமநிதிக்கு 4,000, சொக்சோவுக்கு 350. மொத்தம் 21,350. வரி விதிக்கப்படும் வருமானம் 50,650. வரி 1,571 வெள்ளி 50 காசு.

இவர் சேமநிதியில் கூடுதலாக 3,000, பிஆர்எஸ்ஸில் 3,000 என ஆண்டுக்கு 6,000 வெள்ளி போடுகிறார். மாதம் 500. வரி 1,179 வெள்ளியாகக் குறைகிறது. மிச்சம் 392 வெள்ளி 50 காசு. இணையக் கட்டணம், புத்தகம், நாளிதழ் என்று 1,800 வெள்ளிக்கு ரசீது வைத்திருந்தால் வரி 1,071. பிள்ளைகள் பெயரில் எஸ்எஸ்பிஎன்னில் மாதம் 300 வெள்ளி போட்டால் வரி 855.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரி விதிக்கப்படும் வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால், தனிநபருக்கு 400 வெள்ளி வரித் தள்ளுபடி உண்டு. மனைவிக்கான கழிவு பெறுபவருக்கு மேலும் 400 கிடைக்கும். நம் நண்பர் இப்போது 39,250-இல் நிற்கிறார். ஆண்டுக் கடைசியில் போனஸ் வந்து, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, 35,000-க்கு இறங்கும் அளவுக்கு எஸ்எஸ்பிஎன்னில் இடமிருந்தால் அவருடைய வரி பூஜ்யம். போனஸ் இல்லாத ஆண்டில் அதற்கு 4,250 வெள்ளி போதும். அந்த 4,250 வெள்ளிக்கு 855 வெள்ளி மிச்சம். ஏறக்குறைய 20 விழுக்காடு! 35,000 என்ற கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருமுறை பென்சிலும் தாளுமாக உட்கார வேண்டும்.

எஸ்எஸ்பிஎன்னில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆண்டில் போட்டதிலிருந்து அதே ஆண்டில் எடுத்ததைக் கழித்துவிட்டுத்தான் கழிவு தருவார்கள். ஜனவரியில் போட்டு நவம்பரில் எடுத்தால் பலன் இல்லை.

கணவன் மனைவி இருவரும் வேலை செய்தால், பிள்ளைகளுக்கான கழிவை மேல்படியில் நிற்பவர் எடுத்துக்கொள்வது நல்லது. பிஆர்எஸ் கழிவு இருவருக்கும் தனித்தனியே உண்டு.

பூட்டிய உண்டியலும் திறந்த உண்டியலும்

இதுவரை சொன்னது இனிப்பு. இனிக் கசப்புக்கு வருகிறேன்.

அரசாங்கம் வரிச் சலுகை தரும் ஓய்வுக்காலச் சேமிப்பு பூட்டிய உண்டியல். பூட்டுவதற்காகத்தான் சலுகையே தருகிறார்கள். இது நம் நாட்டில் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 401கே என்ற ஓய்வுக்காலத் திட்டத்தில் 59½ வயதுக்கு முன் பணத்தை எடுத்தால், பொதுவாக 10 விழுக்காடு கூடுதல் வரி. இந்தியாவில் பொது வருங்கால வைப்பு நிதிக்கு 15 ஆண்டுக் கெடு.

நம் சேமநிதி 2024 மே மாதம் 11-ஆம் தேதி முதல் மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வரும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகிறது. அது 55 வயது வரை பூட்டு. 15 விழுக்காடு செஜாத்ரா என்ற நல்வாழ்வுக் கணக்குக்கு. அதை வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கு எடுக்கலாம்; 50 வயதில் முழுவதும் எடுக்கலாம். 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கு. அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நீங்கள் கூடுதலாகப் போடும் பணமும் இப்படியே பிரியும்.

பிஆர்எஸ் பூட்டு இன்னும் கடுமை. ஓய்வு வயதுக்கு முன் எடுத்தால் 8 விழுக்காடு வரித் தண்டம். வீடு, மருத்துவம் போன்ற சில காரணங்களுக்குத் தண்டம் இல்லை. 3 விழுக்காட்டுப் படியில் நிற்பவர் 3,000 வெள்ளி போட்டு 90 வெள்ளி மிச்சப்படுத்துகிறார். அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்தால், எடுக்கும் தொகைக்கு 8 விழுக்காடு தண்டம் கட்டுகிறார். இது லாபமா? கீழ்ப்படியில் நிற்பவர் வரிக்காக பிஆர்எஸ்ஸில் சேர வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இப்போது நம் மேற்பார்வையாளருக்குத் திரும்புவோம். அவருடைய சேமநிதியில் இன்று 150,000 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய 11 விழுக்காடும் முதலாளியின் 12 விழுக்காடும் சேர்ந்து ஆண்டுக்கு 16,560 வெள்ளி சேருகிறது. இலாப ஈவு 5 விழுக்காடு, விலைவாசி ஏற்றம் 2½ விழுக்காடு, சம்பளமும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்று கொள்வோம். இனி நான் சொல்லும் தொகைகள் எல்லாம் இன்றைய விலைவாசியில். குடும்பச் செலவு மாதம் 3,000 வெள்ளி.

50 வயதில் ஓய்வு பெற்றால் அவரிடம் ஏறக்குறைய 430,000 வெள்ளி இருக்கும். பெரிய தொகைதான். ஆனால் முக்கால் பங்கு பூட்டில் இருக்கிறது. கையில் எடுக்கக்கூடியது 108,000. 55 வயது வரை ஐந்தாண்டுச் செலவோ 180,000. மிச்சமுள்ள 72,000 வெள்ளி எங்கிருந்து வரும்? திறந்த உண்டியலிலிருந்துதான் வர வேண்டும். அதாவது நிரந்தர வைப்பு போன்ற, எப்போதும் எடுக்கக்கூடிய சேமிப்பு. இன்றிலிருந்து 12 ஆண்டுகளுக்கு மாதம் 500 வெள்ளி. வரிச் சலுகை எதுவும் கிடையாது. சரி, அப்படியே சேர்த்துவிட்டார். 55 வயதில் பூட்டும் திறக்கிறது. அந்தப் பணம் எத்தனை நாள் வரும்? 67 வயது வரை. அதோடு தீர்ந்தது.

55 வரை வேலை செய்தால்? கூடுதலாக ஒரு காசு போடாவிட்டாலும் அவரிடம் 574,000 வெள்ளி இருக்கும். அது 75 வயது வரை தாங்கும். அதே மாதம் 500 வெள்ளியை இந்தப் பூட்டிய உண்டியலில் போட்டுக்கொண்டு வந்தால், கிட்டத்தட்ட 82 வயது வரை தாங்கும்.

மாதம் 500 வெள்ளி. அதே மனிதர், அதே சம்பளம். ஒரு வழியில் 50-இல் ஓய்வு, 67-இல் வெறுங்கை. இன்னொரு வழியில் 55-இல் ஓய்வு, 82 வரை கஞ்சிக்குக் கவலையில்லை. வரியில் மிச்சமானது ஆண்டுக்கு 392 வெள்ளி. அது நல்லதுதான்; ஆனால் அவருடைய முதுமையைத் தீர்மானித்தது அது இல்லை. எந்த வயதில் நிறுத்துகிறார் என்பதும், மாதா மாதம் 500 வெள்ளியைத் தொடாமல் வைத்தாரா என்பதும்தான் தீர்மானித்தன.

ஆகவே நடுத்தர வருமானம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முன்கூட்டிய ஓய்வு என்றால் 55 என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சட்டப்படி 60 வரை வேலை செய்யலாம் என்னும் நாட்டில் 55 என்பதே ஐந்தாண்டு முன்கூட்டியதுதான். சேமநிதியின் பூட்டும் அன்றுதான் திறக்கிறது. 50-ஐ விரும்புபவர்கள் இரண்டு உண்டியலையும் சேர்த்தே நிரப்ப வேண்டும்.

சேமநிதி வாரியம் புதிதாக வகுத்திருக்கும் அளவுகோலையும் தெரிந்துகொள்ளுங்கள். 60 வயதில் அடிப்படைச் சேமிப்பு 390,000 வெள்ளி, போதுமான சேமிப்பு 650,000 வெள்ளி என்று அது சொல்கிறது. உங்கள் கணக்கை இன்றே திறந்து, எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

அரங்கத்தில் கேட்ட கேள்விகள்

ஒரு சகோதரி கேட்டார்: "ஐயா, நான் காலையில் கடை போட்டு நாசி லெமாக் விற்கிறேன். வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லை. எனக்கு இதில் என்ன இருக்கிறது?"

அம்மா, உங்களுக்குத்தான் நல்ல பங்கு இருக்கிறது. சுயதொழில் செய்பவர்களுக்காக ஐ-சாரான் என்ற திட்டத்தைச் சேமநிதி வாரியம் நடத்துகிறது. 60 வயதுக்குட்பட்டவர் தாமாகப் போடும் பணத்துக்கு, 2025 முதல் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 500 வெள்ளி. வாழ்நாளில் 5,000 வெள்ளி. நீங்கள் ஆண்டுக்கு 2,500 வெள்ளி, அதாவது நாளுக்கு ஏழு வெள்ளி போட்டால், 500 வெள்ளி உங்கள் கணக்கில் சேரும். சம்பளக்காரர் 3 விழுக்காடும் 6 விழுக்காடும் மிச்சப்படுத்தப் பாடுபடுகிறார். உங்களுக்கு 20 விழுக்காடு. லாரி ஓட்டுநர், தையல் தொழிலாளி, வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்பவர் எல்லாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் இளைஞர் கேட்டார்: "நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்புகிறேன். எனக்கு?"

தம்பி, சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் இருக்கும் உங்களுக்கு அங்கேயும் கிடையாது, இங்கேயும் கிடையாது. கையில் வரும் சம்பளம் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சம்பளத்துக்கு நீங்கள் வரி கட்டுவது அங்கே. இங்கே குறைக்க வரி இல்லை. ஆனால் ஓய்வுக்காலம் இங்கேதானே? நம் சேமநிதியில் ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை நீங்களாகவே செலுத்தலாம். சம்பளத்தில் நாலில் ஒரு பங்கை, வந்த அன்றே போட்டுவிடுங்கள். இந்த ஊர்த் தொழிற்சாலையில் குறைந்த சம்பளம் வாங்கும் உங்கள் நண்பருக்கு அந்த வேலையை முதலாளியும் சட்டமும் சேர்ந்து செய்துவிடுகின்றன. உங்களுக்குச் செய்ய ஆளில்லை.

இன்னொருவர் கேட்டார்: "சேமநிதியா, பிஆர்எஸ்ஸா? எதை முதலில் நிரப்புவது?"

நான் சேமநிதியை முதலில் சொல்வேன். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்குக் குறைந்தது 2½ விழுக்காடு இலாப ஈவுக்குச் சட்டப்படி உத்தரவாதம் உண்டு. 2020-இல் 5.20, 2021-இல் 6.10, 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். பிஆர்எஸ் நிதிகள் சந்தையோடு ஏறி இறங்கும், உத்தரவாதம் இல்லை, நிர்வாகக் கட்டணமும் உண்டு. 11 விழுக்காட்டுப் படியிலும் அதற்கு மேலும் நிற்பவர்கள், சேமநிதிக்குரிய கழிவை நிரப்பிய பிறகு பிஆர்எஸ்ஸைப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு பெரியவர் எழுந்தார். "எனக்கு அடுத்த ஆண்டு 55. எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்" என்றார்.

ஐயா, எடுப்பது உங்கள் உரிமை. ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 100 வயது வரை பணத்தை அங்கேயே வைத்திருக்கலாம். இலாப ஈவும் வந்துகொண்டிருக்கும். மாதா மாதம் செலவுக்கு வேண்டியதை மட்டும் எடுக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். கூரை ஒழுகினால் கூரைக்கு மட்டும் எடுங்கள். வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொரோனா காலத்தில், 2020 முதல் 2022 வரை, நான்கு திட்டங்களின் கீழ் மக்கள் சேமநிதியிலிருந்து எடுத்த தொகை ஏறத்தாழ 145 பில்லியன் வெள்ளி. அடுப்பெரிய எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எடுத்த பள்ளம் தானாக நிரம்பாது. அன்று எடுத்தவர்கள், இயன்ற அளவு மாதம் 50 வெள்ளியாவது திருப்பிப் போடத் தொடங்க வேண்டும்.

முடிவாக ஒரு சொல்

அன்பர்களே, சேமிப்பு நமக்குப் புதிதில்லை. 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் வீடும் போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அவர்களுக்கு வரிக் கழிவு எதுவும் இல்லை. நாளை நிற்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வரியிலும் அப்படித்தான். ஈஏ படிவம் பிப்ரவரிக்குள் கைக்கு வந்துவிடும். சம்பளக்காரர்கள் ஏப்ரல் 30-க்குள் வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். வரியில் திரும்பி வரும் 300, 400 வெள்ளியைத் தனியாக எடுத்து, அதே நாளில் சேமநிதியில் போடுங்கள். வரி மிச்சம் உண்மையில் மிச்சமாவது அப்போதுதான்.

மாலை நேரத்தில் தஞ்சோங் எமாஸ் ஆற்றோரம் போனால், பெரியவர்கள் சிலர் காற்று வாங்கிக்கொண்டு அமர்ந்திருப்பதைப் பார்க்கலாம். என் தந்தையாருக்கும் அப்படி ஒரு மாலை கிடைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் காவல் வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம்.